மூன்று மாதப் பேரேடு

காலை ஏழரை. செக்காலை ரோட்டில்
தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வர மாட்டேன் என்கிறது.
என் லேப் ஒரு பெரிய வீட்டின் முன்னறையில்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது,
அது வாடகைப் பத்திரத்தின் மூன்றாம் ஷரத்து.
காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.
தரையில் ஆத்தங்குடிக் கல்:
மஞ்சள் இதழ், பச்சை ஓரம்.

முதல் டோக்கன் வயிரவன்.
அம்மன் சன்னதி இரும்புக்கடைக் கணக்கப்பிள்ளை.
ஐந்தொகையில் பதினைந்து பைசா இடித்தால்
ராத்திரி இரண்டு மணிவரை உட்காருகிற மனுஷர்.
டாக்டர் சீட்டில் இரண்டு வரி.
இரண்டாவது வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நீட்டினார்.
"வெறும்வயித்துக்கு மட்டும் பாருங்க, அமலோற்பவம்.
மூணு மாசத்ததுக்கு நானூத்தம்பதாம்ல.
அதை எந்தப் பற்றுல எழுதச் சொல்றீங்க?"

நூற்றுப் பதினெட்டு.
உடனே வீட்டுக்குப் போன்:
"சும்மா கெடந்தவனைப் பயமுறுத்துனியே!"

எண் பொய் சொல்லவில்லை.
நாலு நாளாக மோரும் வெள்ளரிப்பிஞ்சும்தான் என்று
எண்ணிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
போன மாதம் பள்ளத்தூர்க் கல்யாணத்தில்
கவுனி அரிசியை மறுமுறை கேட்டு வாங்கியதையும்.

அவர் எழுந்த பிறகுதான் பார்த்தேன்,
நாற்காலிக்கு அடியில், மஞ்சள் இதழில்
ஒரு சிவப்புப் பொட்டு.
எனக்கு முதலில் என் கைமேல்தான் சந்தேகம்.
எந்தக் குழாய் சிந்தியது?
ரேக்கில் எண்ணினேன். எல்லாம் மூடியோடு நிற்கின்றன.
முந்தின கல்லில் இன்னொன்று.
அதற்கு முந்தினதில் இன்னொன்று.
வாசற்படி வரைக்கும்.
வரும்போதே வந்தவை.
நான் சீட்டைப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை.

வாசலில் கழற்றிய வலது செருப்பில்
தேய்ந்த ரப்பரைத் துளைத்துக்கொண்டு
முக்கால் இஞ்சு ஆணி.
கிலோக் கணக்கில் அவரே பில் போடுகிற சாமான்.

"வலிக்கலையே" என்றார்.
பெருமையாகத்தான் சொன்னார்,
சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளையைச் சொல்வது போல.

உட்கார வைத்து,
பஞ்சு நுனியால் உள்ளங்காலில் கோடு இழுத்தேன்.
பெருவிரலிலிருந்து குதிகால் வரை, இரண்டு முறை.
கண்ணை மூடியபடியே கேட்டார்:
"ஆரம்பிக்கலாமே?"

லாரி போயிருந்தது. ரோடு அமைதியாக இருந்தது.

அவர் பாஷை எனக்கும் கொஞ்சம் தெரியும்.
காலையில் எடுத்தது கல்லாவில் இன்றைக்கு இருக்கிற ரொக்கம், ஐயா.
ஆள் வருகிறான் என்று தெரிந்தால்
நாலு நாளில் சரிக்கட்டிவிடலாம்.
சிவப்பணு பேரேடு.
அது உயிரோடு இருக்கிற நூற்றிச் சொச்சம் நாளும்
ஓடுகிற சர்க்கரை அதில் ஏறிக்கொண்டே போகும்.
அடித்தல் திருத்தல் கிடையாது.
தாள் கிழிக்க முடியாது.

பதில் பேசவில்லை.
சட்டைக் கையை மறுபடி மடித்தார்.
சீட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்தார்.

ஒன்பது புள்ளி எட்டு.
நம்பாமல், கண்ட்ரோல் ஓட்டி, திரும்ப வைத்தேன்.
ஒன்பது புள்ளி ஏழு.
இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இதற்கு அர்த்தம் சொல்வது என் வேலையில்லை.
சொல்லியிருப்பேன், ஆனால்
காலில் கட்டோடு ஆட்டோவில் ஏறும்போது அவர் கேட்கவில்லை.
"இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. காலையும் காட்டுங்க."
அதை மூன்று முறை சொன்னேன்.

செருப்பு என்னிடமே நின்றுவிட்டது.
ஆணியைக் குறடால் பிடுங்கி மேசையில் வைத்திருக்கிறேன்.
இந்தச் சுவரில் அதற்கு இடமில்லை.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் போன்.
ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து.
கால் தப்பிக்குமாம், இன்னும் ஒரு மாசம் போயிருந்தால்
என்று டாக்டர் பாதியில் நிறுத்தினாராம்.
அதற்காகக் கூப்பிடவில்லை.
"அமலோற்பவம், எட்டா ஏழா?
நோட்டுல எழுதணும்.
புள்ளி ஒண்ணு இடிக்குதே."

இடிக்கும் ஐயா, என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
ஃபேன் சத்தம் மட்டும்.

"இடிக்கலாமா?"